சின்ன ஆபீஸில் பணத்தையும் கணினியையும் காப்பது எப்படி

பினாங்கில் சின்ன ஆபீஸ்களுக்குக் கணினி பார்த்துக்கொடுப்பது என் தொழில். லெபோ பந்தாயில் கப்பல் சரக்கு ஏஜெண்டுகள், லிட்டில் இந்தியாவில் நகைக்கடைகள், துணிக்கடைகள், ஜெலுத்தோங்கில் கணக்காய்வு ஆபீஸ்கள், பாலம் தாண்டினால் பிறையில் உதிரிபாகக் கிடங்குகள். ஐந்து பேரிலிருந்து இருபது பேர் வரை வேலை செய்யும் இடங்கள். ஐடி பிரிவு என்று தனியாக எதுவும் இருக்காது. கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பி இருப்பான். அவனுக்கும் முடியாதபோது என்னைக் கூப்பிடுவார்கள்.

போனதும் முதலாளி கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?" விண்டோஸோடு சும்மா வரும் டிஃபெண்டரே போதும், யாரும் அதை அணைத்து வைக்காமல் இருந்தால் சரி என்பேன். முகம் கொஞ்சம் வாடும். காசு கொடுத்து ஏதாவது வாங்கினால்தான் சிலருக்கு வேலை நடந்த திருப்தி. அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "பாஸ், உங்க பேரைச் சொல்லி யாராவது அவசரமா பணம் அனுப்பச் சொன்னா, உங்க கெராணி (கிளார்க்) உங்களையே திரும்பக் கேட்பாங்களா?" அதற்குச் சட்டென்று பதில் வராது.

நான் பார்த்த வரையில், இங்கே பணம் போன கதைகளில் கணினியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவன் குறைவு. பெரியவரை மறுபடி கேட்கத் தயங்கிய ஒருவரின் கை வழியாகத்தான் அதிகம் போயிருக்கிறது. ஆகவே வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

பணம் வெளியே போகும் வாசல்

ஒரு சரக்கு ஏஜெண்ட் ஆபீஸ். சீனாவில் ஷென்சென் பக்கம் ஒரு கம்பெனிக்கு மாதாமாதம் பணம் அனுப்புவார்கள். ஒரு நாள் அந்தக் கம்பெனியிடமிருந்து, வழக்கமான பேச்சின் தொடர்ச்சியாகவே ஓர் ஈமெயில்: எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை வேறு வங்கிக்கு அனுப்புங்கள். பழைய கடிதங்கள் எல்லாம் கீழே வரிசையாக இருந்தன. இன்வாய்ஸ் எண் சரி. தொகை கடைசி சென் காசு வரைக்கும் சரி. கணக்குப் பார்க்கும் அக்காவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. முதலாளிக்கு ஈமெயில் போட்டுக் கேட்டார். "ஓகே, அனுப்புங்க" என்று முதலாளியின் முகவரியிலிருந்தே பதில் வந்தது. அனுப்பிவிட்டார்.

அந்தப் பதிலை எழுதியது முதலாளி இல்லை. அவருடைய மெயில்பாக்ஸுக்குள் யாரோ ஒருவன் பல நாளாகக் குடியிருந்தான். நான் போய்ப் பார்த்தபோது அவுட்லுக்கின் ரூல்ஸ் பகுதியில், வெறும் ஒரு புள்ளியைப் பெயராகக் கொண்ட ரூல் ஒன்று, அதாவது வரும் கடிதங்களைத் தானாகவே நகர்த்தும் கட்டளை, இருந்தது. இன்வாய்ஸ், பேமெண்ட், பேங்க் என்ற சொற்களில் ஏதாவது ஒன்று வந்தால் அந்தக் கடிதம் இன்பாக்ஸில் நிற்காது. படித்து முடித்ததாகக் குறிக்கப்பட்டு, ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். அந்த ஃபோல்டரை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? அக்காவின் கேள்வி அங்கே போய் விழுந்தது, திருடன் படித்தான், பதில் போட்டான். முதலாளிக்கு எதுவுமே தெரியாது. ஷென்சென் முகவரியும் போலிதான். ஆங்கில 'எம்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சின்ன எழுத்துகள் ஒட்டி நின்றன. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது.

இதைப் படித்து முடித்ததும், ஆபீஸில் பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் மெயில்பாக்ஸையும் திறந்து பாருங்கள். மைக்ரோசாஃப்ட் என்றால் உலாவியில் நுழைந்து செட்டிங்ஸ், அதில் மெயில், அதில் ரூல்ஸ். அதே பட்டியலில் ஃபார்வர்டிங். ஜிமெயில் என்றால் எல்லா செட்டிங்ஸையும் திறந்து, ஃபில்டர்ஸ் என்ற பகுதியையும் ஃபார்வர்டிங் என்ற பகுதியையும் பாருங்கள். நீங்கள் போடாத ரூல், தெரியாத முகவரி ஏதாவது இருந்தால் முதலில் படம் எடுத்து வையுங்கள், பிறகு அழியுங்கள். பாஸ்வர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பாஸ்வர்ட் மாறினாலும் அந்த ரூல் அப்படியே இருந்து வேலை செய்துகொண்டிருக்கும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானையும் அழுத்தவேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான்.

அடுத்தது, ஆபீஸுக்கு ஒரு சட்டம். வங்கிக் கணக்கு எண் மாறுகிறது என்று யார் சொன்னாலும், எதில் சொன்னாலும், போன் போட்டுக் கேட்காமல் மாற்றக்கூடாது. கம்பெனி முத்திரையும் கையெழுத்தும் போட்ட பிடிஎஃப் வந்தாலும் சரி. எந்த நம்பருக்குப் போன் போடுவது என்பதுதான் முக்கியம். அந்த ஈமெயிலின் அடியில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டால் திருடனே எடுத்து, "ஆமாம், மாற்றிவிட்டோம்" என்று மரியாதையாகச் சொல்வான். பழைய ஃபைலில், பிரச்சினை வருவதற்கு முன்பே எழுதி வைத்த நம்பருக்குத்தான் கூப்பிடவேண்டும். அதற்காக ஒரு தாள் தயார் செய்யுங்கள்: நீங்கள் வழக்கமாகப் பணம் அனுப்பும் ஒவ்வொரு கம்பெனியின் பெயர், வங்கிக் கணக்கு எண், அங்கே பேசவேண்டிய ஆள், அவருடைய போன் நம்பர். அச்சடித்து ஃபைலில் வைத்தால் இன்னும் நல்லது. கணினிக்குள் இருப்பதை மாற்றுகிறவனால் காகிதத்தில் இருப்பதை மாற்ற முடியாது.

உள்ளூரில் அனுப்பும்போது, மலேசிய வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவையான டுயிட்நவ் பெறுபவரின் பெயரைக் காட்டும். பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "அது எங்க டைரக்டரோட சொந்தக் கணக்கு" என்று சமாதானம் சொன்னால் இன்னும் சந்தேகப்படுங்கள். போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையோ போன் நம்பரையோ போட்டுத் தேடலாம். ஏற்கெனவே புகார் வந்திருந்தால் காட்டும். அங்கே ஒன்றும் வரவில்லை என்பதற்காக நல்ல கணக்கு என்று நம்பிவிட முடியாது. புதிதாகத் திறந்த கணக்கின் மேல் யார் புகார் கொடுத்திருப்பார்கள்?

இப்போது முதலாளியின் பங்கு. வாட்ஸ்அப்பில் முதலாளியின் படத்தைப் போட்டுக்கொண்டு, "இது என் புது நம்பர், மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே இந்தக் கணக்குக்குப் போடுங்க" என்று வருவது பழைய வித்தை. இப்போது குரலையே நகல் எடுத்துப் பேச வைக்கிறார்கள். நீங்கள் ஃபேஸ்புக்கில் போட்ட தீபாவளி வாழ்த்துக் காணொலி ஒன்று கிடைத்தாலே உங்கள் குரலைப் பிடித்துவிடலாம். குரலைக் கேட்டு நிஜமா போலியா என்று கண்டுபிடிக்க யாரையும் பழக்க முடியாது. போனை வைத்துவிட்டு, முதலாளியின் பழைய நம்பருக்குத் தானே கூப்பிடப் பழக்கலாம். கெராணி சொல்லவேண்டிய வாக்கியத்தையும் நானே எழுதிக்கொடுத்துவிடுவேன்: "சரி பாஸ், நம்ம ரூல்படி உங்க நம்பருக்கே திரும்பக் கூப்பிடுறேன்." அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

இந்த வாக்கியத்தைச் சொல்கிறவரை முதலாளி ஒரே ஒரு தடவை, "என் குரல் தெரியாதா உனக்கு?" என்று கத்திவிட்டால் போதும், சட்டம் அன்றோடு செத்தது. ஆகவே ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் கூப்பிட்டு, முதலாளியே வாயைத் திறந்து சொல்லவேண்டும்: நான் எவ்வளவு அவசரப்பட்டாலும் திரும்பக் கூப்பிடுங்கள், அதற்காக யாரையும் திட்டமாட்டேன், தாமதத்தால் நஷ்டம் வந்தால் அது என் பொறுப்பு. நான் போய்ச் சொன்னால் நடக்காது. நான் வெளியாள். முதலாளி சொல்லி, அதற்கு அடுத்த வாரம் யாராவது உண்மையிலேயே திரும்பக் கூப்பிட்டபோது அவர் கோபப்படாமல் பதில் சொன்ன பிறகுதான் ஊழியர்கள் நம்புவார்கள்.

கம்பெனி வங்கிக் கணக்கு என்றால் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பரிமாற்றத்தைத் தயார் செய்வார், இன்னொருவர் அனுமதிப்பார். நல்ல ஏற்பாடு. ஆனால் எத்தனை ஆபீஸில் இரண்டு பேரின் பாஸ்வர்டும் டோக்கனும் (அனுமதிக் குறியீடு தரும் சின்னக் கருவி) ஒரே கெராணியின் மேஜை டிராயருக்குள் கிடக்கின்றன என்று பார்த்தால் தலை சுற்றும். முதலாளி ஈப்போவில் இருப்பார், அவர் வரும்வரை காத்திருக்க முடியாது, அதனால் "நீயே அழுத்திடு". கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுவது போல. அனுமதிக்கும் ஆப் முதலாளியின் கைப்பேசியில் மட்டும் இருக்கட்டும். அவர் ஈப்போவிலிருந்தே பார்த்து அழுத்தலாம். அழுத்துவதற்கு முன் தொகையையும் பெறுபவர் பெயரையும் படிக்கவேண்டும். கோயில் வரிசையில் நின்றுகொண்டு கண்ணை மூடி அழுத்தினால் இரண்டு பேர் இருந்தும் ஒருவர் இருந்த மாதிரிதான்.

அதோடு தினசரிப் பரிமாற்ற வரம்பைக் குறையுங்கள். நாளுக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) போதும் என்கிற கடைக்கு ஐந்து லட்சம் வரம்பு எதற்கு? பெரிய தொகை போகவேண்டிய நாளில் கூட்டிக்கொள்ளலாம்.

கைப்பேசி

கணினியைவிடக் கைப்பேசிதான் இப்போது கவலை. வங்கிகளைப் பாதுகாப்பான முறைக்கு மாறச் சொல்லி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் கேட்டுக்கொண்ட பிறகு, எஸ்எம்எஸ் குறியீடு குறைந்து, ஆப் வழியாக அனுமதிப்பது வழக்கமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் கம்பெனியின் பணப்பெட்டியே முதலாளியின் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அதே கைப்பேசியில்தான் பேரப்பிள்ளை விளையாட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கும்.

நம் ஆட்களிடம் நன்றாக எடுபடும் தூண்டில் கல்யாணப் பத்திரிகை. வாட்ஸ்அப்பில், "எங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ், கண்டிப்பாக வரவும்" என்று ஒரு கோப்பு வரும். அது படமும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டில் ஆப் நிறுவும் கோப்பு. தெரிந்தவரின் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவருடைய கைப்பேசி முந்தைய நாளே விழுந்திருக்கும். நிறுவிவிட்டால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் அவனுக்கும் போகும். மலிவு விலையில் வீடு கழுவ ஆள், தள்ளுபடி விலையில் மீன் என்று விளம்பரம் போட்டு, "எங்க ஆப்பில் புக் பண்ணுங்க" என்பதும் இதே வகை. கம்பெனி வங்கி ஆப் உள்ள கைப்பேசியில் பிளே ஸ்டோருக்கு வெளியே எதையும் நிறுவக்கூடாது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில், தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வாட்ஸ்அப், குரோம் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். முடிந்தால் வங்கிக்கென்றே ஒரு சாதாரணக் கைப்பேசி வாங்கி ஆபீஸ் பெட்டகத்தில் வைப்பது இன்னும் நல்லது. பிராங்கின் மாலில் விற்கும் மலிவான புது போன் ஒன்று போதும். பழைய போன் வேண்டாம், அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது.

வாட்ஸ்அப் திருட்டு வேறு. "தப்பா உங்க நம்பருக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பிட்டேன், கொஞ்சம் சொல்லுங்க" என்று யாரோ, தெரிந்தவர் பெயரில் கேட்பார். அது உங்கள் வாட்ஸ்அப்பையே திறக்கும் குறியீடு. கொடுத்தால் உங்கள் பெயரில் வாடிக்கையாளர்களிடம் கடன் கேட்கத் தொடங்கிவிடுவான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஒரு பின் வைத்துவிட்டால், குறியீடு மட்டும் கையில் கிடைத்தவனால் நுழைய முடியாது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலையும் பாருங்கள். போன வருடம் வேலையை விட்டுப்போனவரின் லேப்டாப் இன்னும் அதில் இருந்தால் ஆச்சரியமில்லை.

பாஸ்வர்ட்

சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி பெயர், ஒரு அட் (@) குறி, நடப்பு வருடம். லெபோ பசாரில் பாதிக் கடைகளின் பாஸ்வர்டை உட்கார்ந்த இடத்திலேயே ஊகித்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் வருடத்தின் பின்னால் ஓர் ஒன்று, அடுத்த முறை இரண்டு என்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017இலேயே, காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக வைக்கச் சொல்லுங்கள் என்று தன் வழிகாட்டியை மாற்றிவிட்டது. சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறாக. அத்தனையையும் நினைவில் வைக்க யாராலும் முடியாது, ஆகவே பாஸ்வர்ட் மேனேஜர் வேண்டும். பிட்வார்டன் இலவசமாகவே கிடைக்கிறது. மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் தாளை நான் கிழித்துப் போடுவேன். ஆனால் வீட்டில் பூட்டி வைத்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற வயதான முதலாளியை ஒன்றும் சொல்லமாட்டேன். இணையத்தில் இருக்கும் திருடனுக்கு அவர் வீட்டு அலமாரி எட்டாது.

பாஸ்வர்டைவிட முக்கியம் இரண்டாவது பூட்டு, அதாவது பாஸ்வர்ட் போட்ட பிறகும் கேட்கும் இன்னொரு குறியீடோ அனுமதியோ. ஈமெயில், கணக்கு மென்பொருள், ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் முதலாளி கணக்கு, வருமான வரிக்கான மைடாக்ஸ் என்று இரண்டாவது சரிபார்ப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இயக்குங்கள். ஈமெயிலை முதலில் செய்யுங்கள். மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வர்டையும் ஈமெயில் வழியாகத்தானே மாற்றுகிறோம்? இரண்டாவது சரிபார்ப்பை இயக்கும்போது தரும் மீட்புக் குறியீடுகளை அச்சடித்து, கடைப் பத்திரங்களோடு பெட்டகத்தில் வையுங்கள்.

வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கும் ஆசை

இந்த ஊர் ஆபீஸ்களில் எஸ்கியூஎல் அக்கவுண்ட் அல்லது ஆட்டோகவுண்ட் என்ற கணக்கு மென்பொருள் இருக்கும். மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப், அதுதான் சர்வர். முதலாளி இரவில் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க ஆசைப்படுவார். யாரோ ஒருவர் வந்து, ரூட்டரில் 3389 என்ற போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலின் எண்) திறந்து, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரே இணையத்துக்குக் காட்டிவிட்டுப் போயிருப்பார். அன்றிரவிலிருந்தே உலகத்தின் ஏதோ மூலைகளிலிருந்து தானியங்கி நிரல்கள் அந்தக் கதவில் பாஸ்வர்ட் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் கணக்குக் கோப்புகளின் பெயரெல்லாம் மாறி, பிட்காயினில் பணம் கேட்டு ஒரு கடிதம் திரையில் நிற்கும்.

ரூட்டரின் பக்கத்துக்குள் நுழைந்து போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைப் பாருங்கள். 3389 இருந்தால் எடுத்துவிடுங்கள், வேறு எண்ணுக்கு மாற்றி வைத்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். எண்ணை மாற்றினால் ஒளிந்துவிடாது. வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டுமென்றால் விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) வழியாக, இரண்டாவது பூட்டோடு பாருங்கள். தூரத்திலிருந்து இன்னொருவர் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் நல்ல கருவிகள்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வங்கியிலிருந்து பேசுகிறேன், மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறேன் என்று கூப்பிட்டு, "எனிடெஸ்க் போடுங்க" என்பவன் திருடன். விதிவிலக்கு கிடையாது. நீங்களாகக் கூப்பிட்ட ஆளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள், வேலை முடிந்ததும் மூடுங்கள்.

அப்டேட் வந்தால் "பிறகு நினைவூட்டு" என்று தள்ளுகிறவர்களுக்கு நான் வானாக்ரையைச் சொல்வேன். 2017 மே 12இல் பரவிய அந்த வைரஸ் புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே மருந்து கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அந்தச் சர்வர் டெஸ்க்டாப் இன்னும் விண்டோஸ் 10இல் ஓடுகிறதென்றால் முதலில் மாற்றவேண்டிய இயந்திரம் அதுதான். முதலாளியின் புது லேப்டாப் பிறகு வாங்கலாம். ஊழியர்களுக்கு அட்மின் அனுமதி இல்லாத சாதாரண யூசர் கணக்கு கொடுங்கள். வாடிக்கையாளர்கள் வைஃபை கேட்டால் கெஸ்ட் வைஃபை. சிசிடிவி பெட்டி வாங்கும்போது வந்த பாஸ்வர்டோடு இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இவையெல்லாம் ஒரு மதிய வேளையில் முடிகிற வேலை.

பேக்கப்

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. தரைத்தளத்தில் கடை வைத்திருந்தவர்களின் கணினிகள் மேஜைக்கடியில் இருந்தன. பேக்கப் டிஸ்க் அந்தக் கணினியின் மேலேயே இருந்தது. தண்ணீர் இரண்டையும் சேர்த்தே முடித்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் அப்படித்தான்: எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்பது பழைய விதி. சின்ன ஆபீஸுக்கு நான் சொல்வது இதுதான். வெளி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் "அ", இன்னொன்றில் "ஆ" என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணக்கு மென்பொருளின் பேக்கப் மெனுவிலிருந்தே பேக்கப் எடுத்து, டிஸ்க்கைப் பிடுங்கி, முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். அடுத்த வெள்ளி மற்றது. மென்பொருள் திறந்திருக்கும்போது ஃபோல்டரை அப்படியே நகல் எடுப்பது பேக்கப் ஆகாது. திறக்கும்போது பாதி உடைந்து கிடக்கும். டிஸ்க் காரில் தொலைந்தால் யாரும் படிக்க முடியாதபடி பிட்லாக்கர் போடுங்கள், அதற்கு விண்டோஸ் ப்ரோ வேண்டும். தினசரி பேக்கப்புக்கு மேகச் சேமிப்பு, பழைய பதிப்புகளைத் திரும்ப எடுக்கும் வசதியோடு.

பிறகு, வேறொரு கணினியில் அந்தப் பேக்கப்பை மீட்டெடுத்துப் பாருங்கள். போன மாதத்து விற்பனை அறிக்கை வருகிறதா? மீட்டெடுத்துக் கண்ணால் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. வருடக்கணக்காக ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்த டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே காலியான ஃபோல்டர்கள் இருந்த ஆபீஸை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்கள் போவதும் ஐசி படங்களும்

ஒருவர் வேலையை விட்டுப்போகும்போது சாவியை வாங்குகிறோம், சட்டையை வாங்குகிறோம். கணக்குகளை யாரும் வாங்குவதில்லை. கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கம் அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கும், வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின், கூகுள் டிரைவ் அவருடைய ஜிமெயிலில். சண்டை இல்லாமல் பிரிந்தவராக இருந்தாலும் அவருடைய ஜிமெயில் நாளைக்குத் திருடப்படலாம். யார் எந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், கடைசி நாளன்று அதைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். அப்படியே கம்பெனியின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் கேளுங்கள். இணையத்தளம் செய்துகொடுத்த பையனின் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவன் போன் எடுக்கிற காலத்திலேயே செய்வது நல்லது.

வாடிக்கையாளர்களின் ஐசி (அடையாள அட்டை) படங்கள் வாட்ஸ்அப்பிலேயே குவிந்து கிடக்கும். வேலை முடிந்ததும் அழியுங்கள். வைத்திருக்கவே வேண்டுமென்றால், படத்தின் மேல் இரண்டு கோடு போட்டு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிய பிரதியை மட்டும் வையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு வரக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால் 250,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். உங்களிடம் இல்லாத ஐசி உங்களிடமிருந்து கசியாது.

நடந்துவிட்டால்

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடம் முதலாளிக்குப் பயந்து மறைக்காமல் இருக்கவேண்டும். மேலே சொன்ன திங்கட்கிழமைப் பேச்சு இதற்கும் சேர்த்துத்தான். 997க்கு அடியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. வங்கிகளும் போலீஸும் சேர்ந்து, பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். அங்கே லைன் கிடைக்கத் தாமதமானால் காத்திருக்காமல் உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண் கார்டின் பின்னாலும் வங்கியின் தளத்திலும் இருக்கும். கூகுளில் தேடி முதலில் வருகிற எண்ணைக் கூப்பிடவேண்டாம். பிறகு போலீஸ் நிலையத்தில் புகார். ரசீது, ஈமெயில், வாட்ஸ்அப் உரையாடல், எதையும் அழிக்காமல் கொண்டுபோங்கள்.

கணினியில் ரான்சம்வேர் என்றால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், மற்ற கணினிகளையும் பிரியுங்கள். அந்தக் கணினியை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். எப்படி உள்ளே வந்தான் என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடம் சொல்லுங்கள். பேக்கப் டிஸ்க்கை ஆபீஸ் சுத்தமாகும் வரை எந்தக் கணினியிலும் செருகாதீர்கள். பதற்றத்தில் முதலில் அதைத்தான் செருகுவார்கள்.

இந்த எண்களையும் முதலாளியின் நம்பரையும் ஒரு தாளில் அடித்து, கணக்குப் பார்க்கும் மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள். கணினிக்குள் சேமித்து வைத்தால் பூட்டப்பட்ட அன்று படிக்க முடியாது. அப்புறம், புகார் கொடுத்த சில வாரம் கழித்து யாராவது கூப்பிட்டு, "உங்க பணம் எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டோம், வக்கீல் ஃபீஸ் மட்டும் கட்டினா திரும்ப வாங்கித் தர்றோம்" என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அதே கும்பலோ பக்கத்துக் கும்பலோ நடத்தும் இரண்டாவது சுற்று அது. போனை வைத்துவிட்டு, அந்த நம்பரையும் உங்கள் போலீஸ் புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள்.